மருந்தாக மலர்ந்த கல்வி
(டாக்டர் குவாஜா அப்துல் ஹமீதின் வாழ்வும் பணியும்)

மருத்துவம் என்பது நான்கு கூறுகளால் ஆனது என்று வகுத்துக் காட்டியவர் திருவள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவர் என்பன அந்நான்கு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பிணி தீராது. நோயாளிக்கு எந்நாட்டிலும் எக்காலத்திலும் குறைவில்லை. மருத்துவரைப் போற்றும் மரபும் நம்மிடம் உண்டு. தொண்டு செய்யும் செவிலியரையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் மூன்றாவது கூறாகிய மருந்து எங்கிருந்து வருகிறது, அதை ஆக்கித் தந்தவர் யார் என்று நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் முன்னோர் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வருவது இயல்பு. அதே வட்டாரத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. மருத்துவருக்கும், அறுவை செய்வோருக்கும், பணிப்பெண்டிருக்கும் ஊதியம் வகுத்ததோடு அது நின்றுவிடவில்லை. மூலிகை கொண்டுவருவோருக்கும் ஊதியம் வகுத்தது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் சுட்டிப் பட்டியலிட்டது. மருந்து இருப்பில் இல்லாத மருத்துவமனை வெறுங்கட்டடம் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

அத்தகைய நாடு, அந்நியர் ஆட்சியில் தனக்கு வேண்டிய மருந்துக்குக் கடல் கடந்து கையேந்தும் நிலைக்கு வந்தது. மூலப்பொருள் இங்கிருந்து கப்பலேறியது; மாத்திரையாகவும் ஊசிமருந்தாகவும் பன்மடங்கு விலையில் திரும்பி வந்தது. இந்நிலையை மாற்ற முனைந்தோருள் ஒருவர் டாக்டர் குவாஜா அப்துல் ஹமீது. வேதியியல் ஆய்வாளராகத் தொடங்கி, தொழில் நிறுவனராக உயர்ந்து, சிப்லா என்னும் மருந்து நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர். கற்ற கல்வி எப்போது முழுமை பெறுகிறது என்னும் வினாவுக்கு அவர் வாழ்க்கையில் விடை உண்டு. அதனை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலிகர் தந்த தொடக்கம்

1898ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள் அலிகரில் ஹமீது பிறந்தார். சர் சையத் அகமது கான் 1875இல் தொடங்கிய கல்விப் பணியினால் அந்நகரம் வட இந்திய முஸ்லிம்களின் கல்வித் தலைநகராக விளங்கிய காலம் அது. ஆங்கிலக் கல்வியையும் புதிய அறிவியலையும் ஏற்பதா, விலக்குவதா என்று சமுதாயம் தயங்கி நின்றபோது, ஏற்பதே வழி என்று அலிகர் விடையளித்தது. அந்த விடையின் பயனை நுகர்ந்த தலைமுறையில் தோன்றியவர் ஹமீது.

ஆயினும் அவர் இளமைக்காலம் அமைதியான படிப்போடு முடிந்துவிடவில்லை. 1920இல் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். அரசின் உதவி பெறும் கல்விக்கூடங்களைவிட்டு வெளியேறுமாறு மாணவர்க்கு அழைப்பு விடுக்கப்பட்டது. கிலாபத் இயக்கமும் உடன் எழுந்தது. அவ்வழைப்பை ஏற்ற இளைஞர்களுள் ஹமீதும் ஒருவர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள் அலிகரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா தோன்றியது. பின்னாளில் இந்தியக் குடியரசின் தலைவராக உயர்ந்த ஜாகிர் உசேனும் ஹமீதும் அதன் தொடக்க காலத்தோடு தொடர்புடைய நண்பர்கள்.

படித்து முடித்து அரசுப் பணியில் அமர்ந்து ஓய்வூதியம் பெறுவதே கல்வியின் பயன் என்று கருதப்பட்ட காலத்தில், அப்பாதையை அறிந்தே கைவிட்டவர்கள் இவ்விளைஞர்கள். பாதையைக் கைவிடுவது எளிது. வேறொரு பாதையைக் கண்டறிவதே அரிது. நாட்டுக்கு வேண்டியது என்ன, தம்மால் இயன்றது என்ன என்னும் இரண்டும் சந்திக்கும் இடத்தை ஹமீது தேடினார். வேதியியலில் அதனைக் கண்டார்.

பெர்லினில் கண்ட உண்மை

1924இல் அவர் மேற்படிப்புக்காகக் கப்பலேறினார். அக்காலத்து இந்திய மாணவர் அயல்நாட்டுக் கல்வி என்றால் இங்கிலாந்தையே எண்ணுவர். ஹமீதும் இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டார். ஆனால் வேதியியலில் உலகின் முதன்மை நாடாக விளங்கியது ஜெர்மனி. ஆகவே அவர் வழியில் பயணத்தை மாற்றிக்கொண்டு ஜெர்மனியை அடைந்தார். ஆளும் நாட்டின் பட்டத்தைவிட அறிவின் ஊற்றுக்கண்ணே பெரிது என அவர் துணிந்தது அவருடைய பிற்கால வாழ்வையே உருவாக்கிய முடிவு எனலாம். 1927இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஜெர்மனியில் அவர் பெற்றது பட்டம் மட்டுமன்று. ஆய்வுக்கூடமும் தொழிற்சாலையும் அங்கே ஒன்றுக்கொன்று அண்டைவீடுகளாக இருந்தன. நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுக்கக் கற்ற வேதியியலாரின் ஆலைகளே பின்னர் மருந்து ஆலைகளாகவும் விரிந்தன. சாயத்தொழிலில் தொடங்கிய பேயர் நிறுவனம் 1899இல் ஆஸ்பிரினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பால் எர்லிக் என்னும் அறிஞர் ஜப்பானியரான ஹட்டாவுடன் சேர்ந்து கண்டறிந்த சால்வர்சான் என்னும் மருந்தை 1910இல் ஹோக்ஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா ஆக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹாபர் ஆய்வுமேசையில் காட்ட, கார்ல் போஷ் அதனைப் பேராலையாக வளர்த்தார். ஆசிரியர் எழுதிய சமன்பாடு சில ஆண்டுகளில் ஆலையின் குழாய்களில் ஓடும் பொருளாக மாறுவதை ஜெர்மனியில் பயின்ற மாணவர் கண்கூடாகக் காண முடிந்தது.

இந்தியாவின் நிலையோ வேறு. கல்லூரி ஒருபுறம், கடைத்தெரு மறுபுறம். இரண்டுக்கும் இடையே பாலமில்லை. வங்கத்தில் பிரபுல்ல சந்திர ராய் 1892இல் பெங்கால் கெமிக்கல்ஸ் என்னும் முயற்சியைத் தொடங்கி அப்பாலத்தின் முதற்கல்லை நாட்டியிருந்தார். பேராசிரியர் ஒருவர் ஆலை தொடங்குவதா என்று வியந்தோர் அன்று பலர். ராய் காட்டிய வழியில் அடுத்து நடந்தவர்களுள் ஹமீதையும் வைத்து எண்ணலாம்.

பெர்லினில்தான் அவருடைய இல்வாழ்க்கையும் அமைந்தது. லிதுவேனியாவைச் சேர்ந்த யூதப் பெண்மணியான லூபா தெர்சான்ஸ்காவை அவர் சந்தித்தார். 1928இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அவர்களுடைய மூத்த மகன் யூசுப் 1936இல் வில்னியஸ் நகரில் பிறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் நாஜிகளின் கொடுமையால் அந்நகரத்து யூத மக்களுள் மிகப் பெரும்பாலோர் அழிக்கப்பட்டனர் என்பதை எண்ணும்போது, பம்பாயில் அமைந்த அவ்வில்லத்தின் அருமை புலப்படும்.

பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடம்

தாயகம் திரும்பிய ஹமீது பம்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். துறைமுகமும் வணிகமும் முதலீடும் நிறைந்த நகரம் அது. ஆனால் மருந்து வணிகத்தில் கோலோச்சியவை அயல்நாட்டு நிறுவனங்கள். மருத்துவர்களும் அயல்நாட்டு முத்திரை உள்ள புட்டிகளையே நம்பினர். இந்தியர் செய்த மருந்து என்றால் ஐயத்தோடு நோக்கும் காலம்.

இத்தகைய சூழலில் 1935ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் அவர் தம் நிறுவனத்தைப் பதிவு செய்தார். கெமிக்கல், இண்டஸ்ட்ரியல் அண்டு ஃபார்மசூட்டிகல் லேபரட்டரீஸ் என்பது அதன் முழுப்பெயர். அப்பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து சிப்லா என்றாயின. அனுமதிக்கப்பட்ட மூலதனம் 6 லட்சம் ரூபாய். பம்பாய் சென்ட்ரல் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு மாளிகை வீட்டில் பணிகள் தொடங்கின.

அப்பெயரை இங்கே சற்று நின்று நோக்குதல் தகும். நிறுவனர் தம் பெயரையோ குடும்பப் பெயரையோ நிறுவனத்துக்கு இடவில்லை. வேதியியல், தொழில், மருந்து என்னும் மூன்றையும் நிரல்பட வைத்து, ஆய்வுக்கூடங்கள் என்று முடித்தார். ஆய்வே அடிப்படை, வணிகம் அதன்மேல் எழும் கட்டடம் என்னும் கருத்து அப்பெயரிலேயே அமைந்துள்ளது. அது பங்குதாரர்களைக் கொண்ட பொது நிறுவனம் என்பதும் கருதத்தக்கது. பிறர் நம்பிக் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்டும் கடமை அதற்குண்டு. கணக்குக் காட்டாதவர் ஊர் வாரியத்துக்கு உரியவரல்லர் என்று கல்லில் வெட்டிவைத்த ஊரினருக்கு இக்கடமையின் பெருமையை விளக்க வேண்டுவதில்லை.

பதிவு செய்த உடனே மருந்து வந்துவிடவில்லை. கருவிகளைத் திரட்டி, ஆட்களைப் பயிற்றி, செய்ததைச் சோதித்துப் பார்ப்பதற்கே இரண்டாண்டுகள் கழிந்தன. 1937ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள்தான் சிப்லாவின் முதல் மருந்துகள் கடைக்கு வந்தன. மருந்துத் தொழிலில் இப்பொறுமை இன்றியமையாதது. துணியில் ஓர் இழை பிசகினால் விலை குறையும். மருந்தில் ஓர் அளவு பிசகினால் உயிர் போகும். தூய்மையும் துல்லியமும் அங்கே அறத்தின் பாற்பட்டவை. வேதியியலாராக இருந்து தொழிலதிபர் ஆனவருக்கு அவ்வுண்மையைப் பிறர் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போர்க்காலத்துச் சோதனை

1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் காந்தியடிகள் சிப்லாவைப் பார்வையிட வந்தார். அடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்விக்கூடத்தைவிட்டு வெளியேறிய இளைஞர், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அவரைத் தம் ஆய்வுக்கூடத்தில் வரவேற்றார். கதர் எவ்வாறு சுதேசியோ அவ்வாறே இந்தியர் கையால் செய்த மருந்தும் சுதேசி என்பதற்கு அவ்வருகை ஒரு சான்றாயிற்று.

இரண்டு திங்களில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஐரோப்பாவிலிருந்து மருந்து வருவது தடைப்பட்டது. 1942இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமானபோது நிலைமை இன்னும் கடுமையாயிற்று. உலகுக்கு வேண்டிய கொயினாவின் பெரும்பகுதி ஜாவாவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று கொயினாவே தலைசிறந்த மருந்து. நீலகிரியின் நடுவட்டத்தில் சிங்கோனாத் தோட்டமும் கொயினா ஆலையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இயங்கிவந்தன எனினும், இப்பெருநாட்டின் தேவைக்கு அவை போதுமானவையல்ல. பணம் இருந்தும் மருந்து கிடைக்காத நிலையை அன்று மக்கள் கண்டனர்.

தேவையான மருந்தைப் பிறர் கையில் விட்டுவைத்த நாட்டுக்கு நேரும் இடர் எத்தகையது என்பதைப் போர் தெளிவாகக் காட்டியது. சிப்லா நுண்வேதிப்பொருள்களை ஆக்கும் பணியில் இறங்கியது. தன் ஆற்றலைப் போர்க்காலத் தேவைக்கு ஈடுபடுத்தியது. 1944இல் பம்பாய் சென்ட்ரலில் சொந்த இடம் வாங்கித் தற்கால முறையிலான மருந்தாலையும் ஆய்வுக்கூடமும் அமைக்க முடிவு செய்யப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல், இரத்த அழுத்தத்துக்குரிய சர்ப்பினாய்டு என்னும் சிப்லா மருந்து அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு 8 லட்சம் ரூபாய் அளவுக்கு ஏற்றுமதியாயிற்று. நிறுவனத்தின் தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்ட மூலதனத்தைவிட அத்தொகை மிகுதி என்பது கருதத்தக்கது.

நாட்டுக்கோர் ஆய்வு அமைப்பு

தம் ஆலை வளர்ந்தால் போதும் என்று ஹமீது அமைந்துவிடவில்லை. ஓர் ஆலையால் ஒரு நாடு அறிவியலில் முன்னேறிவிடாது. ஆய்வுக்கென்றே நாடு தழுவிய அமைப்பு வேண்டும் என்று கருதினார். தொழிலுக்குப் பயன்படும் ஆய்வுக்கான திட்ட வரைவு ஒன்றை உருவாக்கி அரசின்முன் வைத்தார். 1942ஆம் ஆண்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு தோன்றியது. ஆற்காடு இராமசாமி முதலியாரின் ஆதரவும் சாந்தி சுவரூப் பட்நாகரின் தலைமையும் அதனை உருவாக்கி வளர்த்தன. பலர் கைகொடுத்து எழுந்த அமைப்பில் ஹமீதின் கைக்கும் இடமுண்டு. அதன் ஆட்சிக் குழுவில் உறுப்பினராக இருந்து இறுதிவரை அவர் பணியாற்றினார்.

அவ்வமைப்பின் பயன் தமிழகத்துக்கு எவ்வளவு வந்துசேர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வமைப்பைச் சார்ந்ததே. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலைக் கைவிடாது காத்துவந்தவர்களுள் முஸ்லிம் வணிகர் பலர். பாதி பதனிட்ட தோலைக் குறைந்த விலைக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த தொழில், முடித்த தோலும் காலணியும் செய்யும் நிலைக்கு உயர்ந்ததில் அடையாற்று ஆய்வுக்கூடத்தின் பங்கு பெரிது. தோல் தொழிலில் ஈட்டிய செல்வம் கல்விக்கூடங்களாக மாறிய வரலாறு நம் சமுதாயப் பெரியோர் அறிந்ததே. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. அதுவும் இவ்வமைப்பின் கிளையே. அலிகரில் பிறந்து பம்பாயில் வாழ்ந்த ஒருவரின் சிந்தனை ஆம்பூர்த் தொழிலாளியின் கைவேலையோடு தொடர்புகொள்வது இவ்வாறுதான்.

மண்ணில் ஊன்றிய கால்

ஹமீது பொதுவாழ்விலும் ஈடுபட்டவர். 1937 முதல் பல்லாண்டுகள் பம்பாய்ச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். அமைச்சர் பதவி தேடிவந்தபோது அதனை ஏற்கவில்லை. பம்பாய் நகரின் ஷெரிப் என்னும் மதிப்புறு பதவியையும் வகித்தார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் பணிகளிலும் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேரவையிலும் பங்கு கொண்டார்.

அவர் எதிர்கொண்ட மிகக் கடுமையான வினா 1947இல் எழுந்தது. நாடு இரண்டாகப் பிளவுபட்டது. வட இந்திய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் உடன்பிறந்தோரே எல்லையின் இருபுறமும் பிரிந்தனர். படித்தோரும் செல்வரும் பெருந்தொகையினராக வெளியேறினர். தொடக்கம் முதலே பிரிவினையை ஏற்காத ஹமீது பம்பாயிலேயே தங்கினார். ஆலையையும் ஆய்வுக்கூடத்தையும் அங்கேயே வளர்த்தார். அது வெறும் அரசியல் நிலைப்பாடு அன்று. கற்ற கல்வியை யாருக்கு உரியதாக்குவது என்னும் வினாவுக்கு வாழ்க்கையால் அளித்த விடை அது. சிப்லாவின் மாத்திரையை விழுங்கிய நோயாளி அதைச் செய்தவரின் சமயத்தைக் கேட்கவில்லை. செய்தவரும் நோயாளியின் சமயத்தைக் கேட்கவில்லை. சமய நல்லிணக்கம் குறித்து மேடைகளில் ஆயிரம் பேசலாம். ஒருவர் உடலுக்குள் செல்லும் மருந்தை மற்றவரிடமிருந்து ஐயமின்றி வாங்கிக்கொள்ளும் நம்பிக்கையைக் காட்டிலும் பெரிய நல்லிணக்கம் எது?

விலை என்னும் வேலி

விடுதலைக்குப் பின்னும் மருந்துத் துறையில் முழு விடுதலை கிட்டவில்லை. 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சட்டத்தின்படி ஒரு மருந்துக்கு உரிமை பெற்ற நிறுவனம், வேறு எவரும் அம்மருந்தைச் செய்யாதவாறு தடுக்க முடிந்தது. வேறு வழிமுறையைக் கண்டறிந்து அதே மருந்தைச் செய்ய வல்ல இந்திய வேதியியலார் இருந்தும் பயனில்லை. ஏழ்மை மிகுந்த இந்தியாவில் மருந்து விலை உலகின் மிக உயர்ந்த விலைகளுள் ஒன்றாக இருந்ததை அமெரிக்க மேலவையின் குழு ஒன்றே அக்காலத்தில் எடுத்துக்காட்டியது.

இதனை ஆராயும் பொறுப்பு நீதிபதி என். இராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் பணியாற்றிய அத்தமிழர் 1959இல் அளித்த அறிக்கை, மருந்துக்கு உரிமை தராமல் மருந்தைச் செய்யும் முறைக்கு மட்டும் உரிமை தந்தால் போதும் என்னும் கருத்துக்கு வழிகோலியது. இந்திய மருந்து நிறுவனங்களும் சட்டத் திருத்தம் வேண்டுமென வற்புறுத்தின. புதிதாகக் கண்டறிவோர் செலவிடும் பொருளும் உழைப்பும் வீணாகலாமா என்று மறுதரப்பார் கேட்டனர். அவ்வினாவிலும் நியாயம் உண்டு. கண்டறிந்தவருக்கு ஊக்கமும் நோயாளிக்கு மருந்தும் என இரண்டையும் காக்க வேண்டும். ஆனால் விலை கொடுக்க இயலாததால் உயிர்விடும் ஒருவரிடம் உரிமைச் சட்டத்தைப் படித்துக்காட்டிப் பயன் என்ன?

இதற்கிடையே சிப்லா தன் அடித்தளத்தை வலுப்படுத்தி வந்தது. 1952இல் ஆராய்ச்சிப் பிரிவு தொடங்கப்பட்டது. 1960இல் விக்ரோலியில் மொத்த மருந்துப்பொருள் ஆக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1968இல் ஆம்பிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை இந்தியாவிலேயே முதன்முறையாக ஆக்கியது. சட்டம் மாறும் நாளில் செய்துகாட்டும் ஆற்றல் கைவசம் இருக்க வேண்டுமன்றோ? உரிமை கிடைத்த பிறகு திறமையைத் தேடப் புறப்படுவோர்க்கு அவ்வுரிமை பயன்படுவதில்லை.

1970இல் புதிய காப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த இரண்டு திங்களில், ஜூன் 23ஆம் நாள், டாக்டர் ஹமீது மறைந்தார். கதவு திறந்ததைக் கண்டார். அதன்வழியே இந்திய மருந்துத் தொழில் நெடுந்தொலைவு நடந்ததைக் காண அவர் இல்லை.

மறைவுக்குப் பின் விளைந்த பயன்

ஒருவர் விதைத்ததன் தரத்தை அவர் மறைவுக்குப் பின் வரும் விளைச்சலே காட்டும். 1986இல் எய்ட்சு நோய்க்குரிய கிருமித்தொற்று இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவியும் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதனைக் கண்டறிந்தனர். தொடர்ந்த ஆண்டுகளில் அந்நோய் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது. நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து 1990களின் நடுவில் மேலைநாடுகளில் கிடைத்தது. ஆனால் ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவாகும். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த ஏழைகளுக்கு அது இல்லாத மருந்தே.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஹமீதின் மூத்த மகனும் வேதியியலாருமான டாக்டர் யூசுப் ஹமீதின் தலைமையில் இயங்கிய சிப்லா, அக்கூட்டு மருந்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் தருவதாக அறிவித்தது. நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உலகெங்கும் அம்மருந்துகளின் விலை சரிய அவ்வறிவிப்பு வழிசெய்தது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் முதல் மையங்களுள் ஒன்றாக அமைந்தது நமக்கு அருகிலுள்ள தாம்பரம் அரசு மருத்துவமனை. சாவை எதிர்நோக்கி அங்கே வந்தவர்கள் மாத்திரையைப் பெற்றுக்கொண்டு வேலைக்குத் திரும்பும் காலம் வந்தது.

2005இல் இந்தியச் சட்டம் மீண்டும் மாறியது. உலக வணிக உடன்பாட்டின்படி மருந்துக்கே உரிமை தரும் முறை திரும்பிவந்தது. ஆகவே விலைக்கும் உயிருக்கும் இடையிலான போராட்டம் முடிந்துவிட்டதாகக் கருத முடியாது. எனினும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களின் நடுவிலிருந்து மருந்துகளை மொத்தமாகக் குறைந்த விலைக்கு வாங்கிச் சிற்றூர் நலவாழ்வு நிலையங்கள் வரை வழங்க முடிந்தது என்றால், அம்மருந்துகளை இந்நாட்டிலேயே செய்யும் ஆலைகள் இருந்ததே காரணம். உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிச் செல்லும் முதியவர் பிரபுல்ல சந்திர ராயையோ ஹமீதையோ அறியார். அறியாவிட்டாலும் அவர் கையில் இருப்பது அவர்கள் தலைமுறையின் உழைப்பே.

மாணவர் சிந்தனைக்கு

ஹமீது துறவியல்லர், தொழிலதிபர். ஈட்டினார், தம் மக்களுக்குச் செல்வம் வைத்துச் சென்றார். அதனை மறைத்து அவரை வேறு வகையில் புகழ வேண்டுவதில்லை. பொருள் ஈட்டுவதும் பயன் விளைப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்களாக இருக்கலாம் என்று காட்டியதே அவர் சிறப்பு. அறிவியலைக் கைவிட்டு வணிகத்துக்குச் சென்றவராக அவரைக் கொள்ளலாகாது. அறிவியல் மக்களைச் சென்றடைய வேண்டிய கடைசிக் காததூரத்தை வணிகத்தின் வழியே நடந்து முடித்தவர் அவர்.

நம் மாவட்டத்து நிலை இன்று மாறியிருக்கிறது. ஏரிப்பாசனத்தையும் தறியையும் நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இயற்பியலும் வேதியியலும் கற்றுத் திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள ஆலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். நிறுவனப் பேருந்தில் விடியுமுன் புறப்பட்டு, பொருத்துவரிசையில் நின்று, பிறர் வகுத்த வேலையைச் செய்து திரும்புகின்றனர். உழைப்பு எதுவாயினும் மதிப்புக்குரியதே, அதில் தாழ்வில்லை. ஆனால் பட்டம் பெற்றவர் பலரிடம் கேட்டால், தாம் கற்ற பாடத்துக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பில்லை என்பர். வகுப்பறையில் கற்றது தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகிறது. நூறாண்டுகளுக்கு முன் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் இடையே பாலமில்லை என்றோமே, அந்தக் குறை நம் பகுதியில் இன்னும் முற்றும் தீரவில்லை.

எல்லோரும் சிப்லா போன்ற நிறுவனத்தைத் தொடங்க இயலாது. ஆயின் ஏரிநீரின் தன்மையை ஆய்ந்து சொல்லவும், பட்டுக்குச் சாயமேற்றிய கழிவுநீரைத் தூய்மை செய்யவும், நெல்லின் தவிட்டிலிருந்தும் உமியிலிருந்தும் பயன்பொருள் எடுக்கவும் வேதியியல் கற்ற ஓரிருவர் துணிந்தால் அதுவே தொடக்கம். அவ்வாறு துணியும் பிள்ளையிடம் முதலில் அரசு வேலை, பிறகு மற்றவை என்று சொல்லித் தடுக்காதிருப்பது பெற்றோர் கடமை. சிறு முதலுக்கு வழிகாட்டுவது சமுதாயப் பெரியோர் கடமை. பாடத்தின் பயனை வாழ்க்கையில் சுட்டிக்காட்டுவது எம்மனோராகிய ஆசிரியர் கடமை.

6 லட்சம் ரூபாய் மூலதனமும் வாடகை வீடும் கொண்டு தொடங்கிய ஒரு முயற்சி, மூன்று கண்டங்களின் ஏழை நோயாளிகளுக்கு உயிர்தரும் மருந்தாக அறுபத்தைந்து ஆண்டுகளில் விளைந்தது. அதற்கு வித்து ஓர் இளைஞர் கற்ற வேதியியல். அதே வேதியியல் நம் கல்லூரிகளிலும் நாள்தோறும் கற்பிக்கப்படுகிறது.